‘பணம் திரட்டியது நாங்கள், முடிவும் எங்களுடையதுதானே?’

பல்லடம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அங்குள்ள அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர் அவர். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகனோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுவனுக்கு ஆடி மாதத்தில் ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. குழந்தைகளுக்கு அதிகம் வருகிற லிம்போபிளாஸ்டிக் வகை. அப்பா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவர். மகனோடு இருக்க வேண்டும் என்பதால் வேலையை விட்டுவிட்டார். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. ‘மொத்தம் 12 லட்சம் வரை ஆகலாம்’ என்று அங்கே வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஊரும் பள்ளியும் சேர்ந்து 7,40,000 ரூபாய் திரட்டிவிட்டன. வகுப்புகளில் உண்டியல், முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழு, பின்னலாடை நிறுவனம் வைத்திருக்கும் சிலர் என்று பல கைகளிலிருந்து வந்த பணம். எல்லாம் ஓர் ஆசிரியையின் சொந்த வங்கிக் கணக்கில் சேர்ந்தது. மருத்துவமனைக்கு 4,10,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. சிறுவனின் அப்பா 60,000 ரூபாய் கேட்டு வாங்கினார். அதைத் தறிக் குடோன் உரிமையாளரிடம் வாங்கியிருந்த முன்பணத்தை அடைக்கக் கொடுத்துவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. மீதி 2,70,000 ரூபாய் ஆசிரியையின் கணக்கில் இருக்கிறது.

இப்போது ஊர் இரண்டுபட்டிருக்கிறது. ஒரு லட்சம் கொடுத்த முன்னாள் மாணவர் ஒருவர், அப்பா மீது போலீசில் புகார் கொடுக்கப்போவதாகச் சொல்கிறார். ‘90 நாளில் குணப்படுத்தும்’ மூலிகை வைத்தியர் ஒருவரிடம் சிறுவனைக் கொண்டுபோக வேண்டும் என்றும் அவரே வற்புறுத்துகிறார். முடி கொட்டிய நிலையில் சிறுவனைப் படம் எடுத்து மறுபடியும் கோரிக்கை வைத்தால் மீதிப் பணமும் சேர்ந்துவிடும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். ‘பணம் திரட்டியது நாங்கள், முடிவும் எங்களுடையதுதானே? பெற்றோர் கையெழுத்துப் போட்டால் படம் போடலாம்தானே? பணம் மிஞ்சினால், அல்லது நடக்கக் கூடாதது நடந்தால், என்ன செய்வது?’ இவைதான் கேள்விகள்.

அம்மணி, கடிதத்தோடு முதல் வாட்ஸ்அப் கோரிக்கையின் நகலையும் வைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

அப்பா எடுத்தது திருட்டா?

கோரிக்கையின் இரண்டாவது வரி இது: ‘மருத்துவச் செலவுக்கும் இந்தக் குடும்பம் நிமிர்வதற்கும் உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்.’ எழுதியவர் உணர்ச்சியில் எழுதியிருக்கலாம். ஆனால் சட்டம் பார்ப்பது எழுத்தைத்தான். குடும்பம் நிமிர்வதற்கு என்று கேட்டு வாங்கிய பணத்தில் குடும்பத்தின் கடன் அடைந்திருக்கிறது. இதை நோக்கத்துக்கு மாறான செலவு என்று வாதாடுவது எளிதல்ல.

போலீஸ் புகார் பேச்சுக்கு வருவோம். நம்பிக்கை மோசடி என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 405, 406 என்று இருந்தது. நம்பி ஒப்படைத்த பணத்தை நேர்மையற்ற எண்ணத்தோடு சொந்தமாக்கிக்கொண்டால்தான் அது குற்றமாகும். இங்கே ஊர் பணத்தை ஒப்படைத்தது யாரிடம்? ஆசிரியையிடமும் குழுவிடமும். அப்பா கேட்டார்; நீங்கள் கொடுத்தீர்கள். எதற்கு என்று கேட்கவும் இல்லை, எழுதி வாங்கவும் இல்லை. புகார் என்று ஒன்று போனால் காவல் நிலையத்தில் முதலில் உட்கார வேண்டியவர் அந்த ஆசிரியைதான். ஒரு லட்சம் கொடுத்தவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அந்தக் கடன் ஏன் அவசரமானது என்பதையும் யோசித்துப் பாருங்கள். முன்பணம் நிலுவையில் இருக்கும் தறிக்காரர், மகனுக்கு ஊசி போடும் நாளில் கோவைக்குப் போக வேண்டும் என்றால் ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டும். ‘முன்பணத்தை வை, பிறகு போ’ என்று உரிமையாளர் தடுத்திருந்தால் அதுவே 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு எதிரானது. அப்படி நடந்ததா என்று அப்பாவிடம் தனியாகக் கேளுங்கள். அவர் வாய் திறக்காததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

இந்த நோய்க்குச் சிகிச்சை ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. முதல் சில மாதங்கள் கடுமையானவை. அதன்பிறகு ஒன்றரை ஆண்டுக்கும் மேல் தினசரி மாத்திரை, வாரம் ஒரு மாத்திரை, இடையிடையே ஊசி, ரத்தப் பரிசோதனை என்று போகும். முடி முளைத்து, பையன் ஓடியாடி, பார்க்க நன்றாக இருக்கும் காலம் அது. ஊரின் உற்சாகம் வடிந்திருக்கும். அப்பாவுக்குக் கூலி போயிருக்கும். ‘அதுதான் நன்றாக இருக்கிறானே’ என்று மாத்திரை நிற்கும். நல்ல வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள் என்றும், வருமானம் குறைந்த பல நாடுகளில் அது 30 விழுக்காட்டுக்கும் கீழே என்றும் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதற்கு அது கூறும் காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது. ஆகவே பஸ் செலவு, கோவையில் தங்கும் வாடகை, சாப்பாடு, வீட்டில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் நோட்டுப் புத்தகம், போன கூலி எல்லாமே சிகிச்சைச் செலவுதான். மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கிப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு டீ ரசீதையும் கேட்காதீர்கள்.

ஆசிரியையின் கணக்கில் இருக்கும் பணம்

என் கவலையெல்லாம் இங்கேதான். நல்ல மனத்தோடு தொடங்கி, நோட்டுப் போடாமல் நடந்து, கடைசியில் கோர்ட்டுக்கு வந்த பொதுக் காரியங்களை ஈரோட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ரூபாய் காணாமல் போனது குறைவு. கணக்கு காணாமல் போனதுதான் அதிகம்.

முதலாவது, அவர் அரசு ஊழியர். 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் கீழ் வருபவர். அனுமதி இல்லாமல் நிதி திரட்டினார் என்று ஒரு மொட்டைக் கடிதம் போனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். தலைமை ஆசிரியர் வழியாக நடந்ததை இப்போதே மேலிடத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது அவருக்குப் பாதுகாப்பு.

இரண்டாவது, வருமான வரி. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இனாமாக வரும் பணம், சில விதிவிலக்குகள் தவிர, வருமானமாகவே கருதப்படும். ‘மருத்துவத்துக்காக வந்தது, வரி கிடையாது’ என்று நீங்கள் எழுதியிருப்பது பலரும் நம்புகிற தவறு. தறித் தொழிலாளியின் கையில் இந்தத் தொகை வரி கட்டும் அளவுக்கு வராமலே போகலாம். சம்பளக்காரரான ஆசிரியையின் கணக்கில் அது வேறு கதை. பணம் தன்னுடையது அல்ல, பொறுப்பாக மட்டும் வைத்திருந்தேன் என்று அவர் காட்ட வேண்டியிருக்கும். அதற்குத் தாள் வேண்டும். திருப்பூரில் ஆடிட்டருக்குப் பஞ்சமில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இனிமேல் பெரிய தொகை கொடுப்பவர்களை மருத்துவமனைக்கே, சிறுவனின் நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

மீதிப் பணத்தைச் சிறுவனின் தாயும் குழுவில் இருவரும் சேர்ந்து தொடங்கும் கூட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். எடுப்பதற்குத் தாயோடு இன்னொருவர் கையெழுத்து. பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது அரசு மானியத்துக்கும் தணிக்கைக்கும் உரியது. பள்ளியின் பெயரில் 80ஜி ரசீது கேட்கும் நிறுவனக்காரருக்கு அப்படி ஒன்று கொடுக்க முடியாது என்று சொல்லிவிடுங்கள். வரிச் சலுகை, அதற்கென அனுமதி பெற்ற அமைப்புகளுக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். இந்த ஒரு பிள்ளைக்காக அறக்கட்டளை பதிவு செய்யும் யோசனையும் வேண்டாம்.

கணக்கு எப்படி எழுதுவது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து பேர், ஊர், தொகை என்று எழுதும் மொய் நோட்டு நம் பக்கத்துக் கை வந்த கலை. அதே நோட்டில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. உண்டியல் பணத்துக்குப் பேர் இருக்காது. எண்ணிய தேதி, தொகை, எண்ணியவர்கள் மூவரின் கையெழுத்து போதும். எந்தப் பிள்ளை எவ்வளவு போட்டான் என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதை நிறுத்திவிடுங்கள்.

காப்பீட்டு அட்டையை யாராவது கேட்டார்களா?

உங்கள் நீண்ட கடிதத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரே ஒரு வரியில் வருகிறது: ‘அது அரசு ஆஸ்பத்திரிக்குத்தானே.’ இல்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

வருமான வரம்பில்தான் சிக்கல் வரும். அப்பா, அம்மா இருவரும் சம்பாதித்த நாளில் இந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டியிருக்கும். இன்று அம்மாவின் சம்பளம் இல்லை. அப்பா பாதி நாள் கோவையில். இன்றைய உண்மை வருமானத்தைச் சொல்லிக் கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சான்று வாங்குங்கள். குறைத்துச் சொல்லித் தருகிறேன் என்று யாராவது வந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பொய்ச் சான்றில் வாங்கிய அட்டை பாதியில் ரத்தானால் தவிப்பது பிள்ளை. சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு செய்யலாம். வழக்கமாக, முன் அனுமதி பெற்ற பிறகு நடக்கும் சிகிச்சைக்குத்தான் திட்டம் பணம் கொடுக்கும். கட்டி முடித்த 4,10,000 திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் ஊர்ப் பணம் கரைகிறது.

இப்போதைய மருத்துவமனை திட்டத்தில் இல்லை என்றால், பெற்றோர் விரும்பினால், இடம் மாறுவதைப் பற்றி அங்குள்ள மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேட்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இருக்கிறது. சென்னைக்குப் போவதாக இருந்தால், மருத்துவமனைச் சான்றைக் காட்டினால் ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் நோயாளிக்கு முழுச் சலுகையும் உடன் போகும் ஒருவருக்கு 75 விழுக்காடும் உண்டு. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். பின்னதற்கு நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதம் உதவும்.

‘12 லட்சம்’ என்ற வாய்க்கணக்கை எழுத்தில் கேளுங்கள். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய மதிப்பீடும், கட்டிய பணத்துக்கு விவரமான பில்லும் கேட்பது பெற்றோரின் உரிமை. மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. கேட்பவர் பெற்றோராக இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பத்துப் பேர் வேன் பிடித்துப் போய் வரவேற்பறையில் நிற்கக் கூடாது.

முடிவு யாருடையது?

பெற்றோருடையது. எங்கே சிகிச்சை, எந்த மருத்துவர் என்பதில் குழுவுக்கோ, ஒரு லட்சம் கொடுத்தவருக்கோ, கூடப் பிறந்த மாமனுக்கோகூட வாக்கு இல்லை. திரட்டிய நோக்கத்துக்குப் பணம் போகிறதா என்று பார்ப்பது மட்டுமே உங்கள் பொறுப்பு. கொடுத்தவர் கணக்குக் கேட்கலாம். நிபந்தனை சேர்க்க முடியாது. மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கேட்கவும் முடியாது.

மூலிகை வைத்தியர் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. புற்றுநோயைக் குணப்படுத்துவேன் என்று மருந்து விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அவருடைய நோட்டீஸ் ஒன்று கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நிதியிலிருந்து அவருக்கு ஒரு ரூபாய் கொடுக்கவும் குழு மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். சிகிச்சையோடு கூடவே கஷாயம் கொடுக்கும் எண்ணம் பெற்றோருக்கு இருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் கேட்கச் சொல்லுங்கள். ஒருவேளை நெருக்குதல் தாங்காமல் பெற்றோரே சிகிச்சையை நிறுத்தத் துணிந்தால், முதலில் மருத்துவமனையின் சமூகப் பணியாளரை அவர்களோடு பேசவையுங்கள். எதற்கும் அசையாத நிலையில், கடைசி வழியாகத்தான் 1098 குழந்தைகள் உதவி எண்ணும் மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவும்.

படம்

பெற்றோர் கையெழுத்து இருந்தால் போதும் என்கிறீர்கள். உங்கள் பணத்தில் மகனுக்கு ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தத் தாய் எந்தத் தாளில்தான் கையெழுத்துப் போட மாட்டார்? ‘மாட்டேன்’ என்று சொன்னாலும் உதவி நிற்காது என்று தெரிந்த பிறகு கொடுப்பதுதான் சம்மதம். அவனுக்குப் பதினொரு வயது. அம்மாவின் போனை எடுத்துப் பார்க்கத் தெரிந்தவன். மொட்டைத் தலையோடும் மூக்குக் குழாயோடும் தன் படம் ஊரெல்லாம் சுற்றியதைத் தெரிந்துகொண்டுதான் அவன் ஏழாம் வகுப்பில் வந்து உட்கார வேண்டியிருக்கும். புதுப் படம் வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. வகுப்புப் பிள்ளைகள் வரைந்த ஒரு படமோ, செலவுக் கணக்கின் ஒரு பக்கமோ வைத்துக் கேளுங்கள். ஒழுங்கான கணக்கைக் காட்டினால் இந்த வட்டாரத்துத் தொழில்காரர்கள் இரண்டாவது முறையும் கொடுப்பார்கள்.

ஏற்கெனவே பரவிய பழைய செய்தியில் மருத்துவ அறிக்கையின் படமும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. குழுக்களிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட செய்திகளில் க்யூஆர் குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் உண்டு. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே சொல்லுங்கள்.

மிஞ்சினால்

இதைப் பேசவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது பேசுவதுதான் நல்லது. ஒரு நோக்கத்துக்காகப் பொறுப்பாக வைத்திருந்த பணம் அந்த நோக்கம் முடிந்த பிறகு மிஞ்சினாலோ, நோக்கம் நிறைவேற முடியாமல் போனாலோ, வேறு ஏற்பாடு எழுதப்படாதபோது அது கொடுத்தவர்களையே சேரும் என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 83ஆம் பிரிவு. உண்டியலில் விழுந்த இரண்டு ரூபாய்க்கு யாரைத் தேடுவீர்கள்? ஆகவே வேறு ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதி, கொடுத்தவர்களுக்குத் தெரிவித்து, மறுப்பவர்கள் இந்தத் தேதிக்குள் சொல்லலாம் என்று அவகாசமும் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். சிறுவனின் தாயோ தந்தையோ வர முடிகிற நேரத்துக்கு அதை மாற்றிவையுங்கள். ஒரு லட்சம் கொடுத்தவரையும் அழையுங்கள். கணக்கு எழுதும் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள், கோபக்காரர்கள் பல பேர் நல்ல கணக்கர்கள். பணம் கொடுக்க முடியாதவர்களிடம் ரத்தம் கேளுங்கள். 18 வயது நிறைந்த ஆரோக்கியமானவர்களின் பட்டியல் ஒன்று ரத்தப் பிரிவோடு அம்மாவின் கையில் இருக்கட்டும். இந்தச் சிகிச்சையில் ரத்தமும் தட்டணுக்களும் எந்த ராத்திரியிலும் தேவைப்படும். பிறகு, அவன் பள்ளிக்குத் திரும்பும்போது வகுப்பில் யாருக்காவது அம்மை கண்டால் அன்றைக்கே பெற்றோருக்குத் தகவல் போக வேண்டும் என்பதையும் வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

தீர்மானத்தை இப்படி எழுதலாம்:

‘திரட்டப்பட்ட நிதி சிறுவனின் சிகிச்சைக்கும், சிகிச்சைக் காலத்தில் குடும்பத்தின் பயணம், தங்குமிடம், உணவு, வருமான இழப்பு ஆகியவற்றுக்கும் உரியது. தந்தை பெற்ற 60,000 ரூபாய் இந்த வகையில் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இருப்பு 2,70,000 ரூபாய் தாயின் பெயரும் குழு உறுப்பினர் இருவரின் பெயரும் உள்ள கூட்டுக் கணக்குக்கு மாற்றப்படும். சிகிச்சை குறித்த முடிவுகள் பெற்றோருடையவை. வரவு செலவு, மருத்துவ விவரம் இல்லாமல், மாதந்தோறும் கொடையாளர்களுக்குத் தெரிவிக்கப்படும். பெற்றோரும் சிறுவனும் விரும்பினால் அன்றி அவனுடைய படமோ பெயரோ வெளியிடப்படாது. சிகிச்சை முடிந்தபின் மிஞ்சும் தொகை அவனுடைய தொடர் பரிசோதனைக்கும் கல்விக்கும் வைப்பாக இருக்கும். அதற்குத் தேவை இல்லாத நிலை ஏற்பட்டால், சிகிச்சையால் வந்த கடன் தீர்ந்த பிறகு உள்ள தொகை, பெற்றோரின் ஒப்புதலோடு, இதே நோய்க்குச் சிகிச்சை பெறும் வேறொரு குழந்தைக்குச் செலுத்தப்படும்.’

கையெழுத்தான தாளின் ஒரு நகல் ஆசிரியையிடம் இருக்கட்டும். ஆடிட்டரிடம் போகும்போது வங்கிக் கணக்குத் தாளோடு அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.